பென்ஷன் வருகிறவர்களுக்கு: செட்டிநாட்டுப் பக்கம் திரும்பும் படைவீரர் செய்ய வேண்டியவை, வரிசையாக

பதினேழு, இருபது, இருபத்துநான்கு ஆண்டுகள் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்புபவருக்குச் சேர வேண்டியது பெரும்பாலும் சேர்ந்துவிடும். ஆனால் பிந்திச் சேரும், அதுதான் தொல்லை. யூனிட் கிளார்க்கின் மேசைக்கு முன்னால் நின்றால் சில நாளில் முடியும் பெயர்த் திருத்தம், வெளியே வந்தபின் மாதக்கணக்கில் இழுக்கும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் உள்ள முன்னாள் படைவீரர் சங்கங்களில் எழுதப்படும் மனுக்களில் பெரும்பகுதி இந்த வகைதான். அதனால் இந்தக் கட்டுரை ஓய்வு நாளிலிருந்து தொடங்கவில்லை. அதற்கு ஓராண்டு முன்பிருந்து தொடங்குகிறது.

இரண்டு இடங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஊரில் 'சோல்ஜர் போர்டு' என்றும் 'ஏ.டி. ஆபீஸ்' என்றும் சொல்வது அரசு அலுவலகம்: மாவட்ட முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம். அடையாள அட்டை, வேலைவாய்ப்புப் பதிவு, நிதி உதவிக்கான பரிந்துரை எல்லாம் அங்கே. சங்கம் என்பது நம்மவர்கள் கூடி நடத்துவது. அதற்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது. எந்தத் தாள் எந்த மேசைக்குப் போக வேண்டும், எப்படி எழுதினால் திரும்பி வராது என்பது அங்கே தெரியும். இரண்டும் உங்களுக்குத் தேவை.

1. ஓராண்டுக்கு முன்: பெயர்களை நேராக்குங்கள்

இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

நம் பக்கத்துப் பெயர்களுக்கும் படையின் படிவங்களுக்கும் ஒத்துப்போவதில்லை. சர்வீஸ் ரிக்கார்டில் 'கருப்பையா எஸ்', ஆதாரில் 'எஸ். கருப்பையா', பான் கார்டில் தகப்பனார் பெயரை விரித்து 'சேவுகன் கருப்பையா'. மூன்றும் ஒருவர்தான் என்று ஊருக்கே தெரியும். கணினிக்குத் தெரியாது. ஓய்வூதியத்தைக் கையாளும் 'ஸ்பர்ஷ்' தளம் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறது.

மனைவியின் பெயரில் சிக்கல் இன்னும் கூடுதல். கல்யாணமான புதிதில் 'மீனாள்' என்று பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரங்களைச் சர்வீஸ் ரிக்கார்டில் ஏற்றும் யூனிட் ஆணை) போட்டிருப்பார்கள். ஆதாரில் 'மீனாட்சி' என்று இருக்கும். பிறந்த தேதி தெரியாமல் ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள், பார்ட் டூ ஆர்டரில் வேறு தேதி இருக்கும். நீங்கள் இருக்கும்வரை இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படாது. உங்களுக்குப் பின் அந்த அம்மா குடும்ப ஓய்வூதியத்துக்குப் போய் நிற்கும் அன்றுதான் 'மீனாள் யார், மீனாட்சி யார்' என்ற கேள்வி வரும்.

ஓராண்டுக்கு முன் லீவில் வரும்போது செய்ய வேண்டியது: உங்கள், மனைவியின், பிள்ளைகளின் ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்புங்கள். ஒரு தாளில் ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது, பிறந்த தேதி என்ன என்று எழுதுங்கள். திரும்பிப் போனதும் சர்வீஸ் ரிக்கார்டோடு ஒப்பிடுங்கள். ஆதாரிலும் பானிலும் உள்ளதைத் திருத்துவது எளிது, அவற்றை இங்கேயே முடியுங்கள். சர்வீஸ் ரிக்கார்டில் தவறு என்றால் யூனிட்டில் இருக்கும்போதே பார்ட் டூ ஆர்டர் போட வையுங்கள். திருமணமும் பிள்ளைகளின் பிறப்பும் பதிவாகியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். இரண்டாவது பிள்ளையைப் பதிய மறந்தவர்கள் நிறையப் பேர்.

வெளியே வந்தபின் திருத்துவதென்றால் சோல்ஜர் போர்டு வழியாக உங்கள் ரெக்கார்ட் ஆபீசுக்கு, அதாவது உங்கள் படைப்பிரிவினரின் ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு, மனுப் போக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னலுக்கு (தகவல் தொடர்புப் பிரிவு) ஜபல்பூர், இஎம்இக்கு (மின், இயந்திரப் பொறியியல் பிரிவு) செகந்திராபாத், எம்இஜிக்கு (மெட்ராஸ் பொறியாளர் குழு) பெங்களூரு, கடற்படைக்கு மும்பை மான்கூர்ட், விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். கூடவே பிரமாணப் பத்திரம் வேண்டும். பெயர் அடியோடு மாறினால் நாளிதழ் விளம்பரமும் கேட்பார்கள். பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி போதுமா, மாஜிஸ்திரேட் முன் கையெழுத்திட வேண்டுமா என்பதை ரெக்கார்ட் ஆபீஸ் கடிதத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். டைப்பிங் கடைக்காரர் சொல்வதை நம்பி எழுதி, அது திரும்பி வந்து, மறுபடி முத்திரைத்தாள் வாங்குவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் வீண்செலவு.

2. யூனிட்டை விட்டுக் கிளம்புமுன் கையில் இருக்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் புக்: பணியிலிருந்து விடுவித்ததற்கான புத்தகம். வாங்கிய இடத்திலேயே நின்று பக்கம் பக்கமாகப் படியுங்கள். பணிக்காலம், வெளியேறிய காரணம், நடத்தை, மனைவி மக்கள் பெயர், வீட்டு முகவரி. வீட்டுக்கு வந்து லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சோல்ஜர் போர்டில் பதிவு எண்ணும் முத்திரையும் அதன் பக்கங்களில்தான் விழும். பிரவுன் அட்டை போட்டு, பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். எல்லாப் பக்கங்களுக்கும் பத்து செட் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், முன்னும் பின்னுமாக.

பிபிஓ: ஓய்வூதிய ஆணை. ரேங்க், குரூப் (ஊதியப் பிரிவு), பணிக்காலம், மனைவி பெயர் ஆகிய நான்கையும் பாருங்கள்.

பட்டப்படிப்புக்கு இணையான சான்றிதழ்: பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு குறைந்தது 15 ஆண்டு பணி முடித்தவர்களுக்கு ரெக்கார்ட் ஆபீஸ் கொடுப்பது. இதன் மதிப்பு ஏழாவது படியில் தெரியும்.

மருத்துவ வாரிய ஆவணங்கள்: உடல்நலக் குறைவோடு வெளியே வருபவர்கள் இதன் நகல் இல்லாமல் யூனிட்டை விட்டு நகரவே கூடாது. ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டின் அடிப்படையே இந்தத் தாள்கள்தான்.

கம்யூட்டேஷன் முடிவையும் இங்கேயே எடுக்க வேண்டும். ஓய்வூதியத்தில் 50 விழுக்காடு வரை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பகுதி 15 ஆண்டு கழித்து மீண்டும் சேரும். ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் கேட்டால் மருத்துவப் பரிசோதனை இல்லை, அதற்குமேல் போனால் உண்டு.

இசிஹெச்எஸ் மருத்துவத் திட்டத்துக்கான ஒருமுறைச் சந்தா ஓய்வின்போதே பிடிக்கப்படும். ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயப் சுபேதாரிலிருந்து சுபேதார் மேஜர் வரை 67,000 ரூபாய், அதிகாரிகளுக்கு 1,20,000 ரூபாய். கார்டு விண்ணப்பத்தை அங்கேயே முடித்து, கார்டு வரும்வரை செல்லும் தற்காலிகச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

3. உங்கள் ஊர் எந்த மாவட்டம்?

விசித்திரமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் செட்டிநாடு என்பது ஒரே மாவட்டம் இல்லை. காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர், தேவகோட்டை எல்லாம் சிவகங்கை. கோனாபட்டு, ராயவரம், கடியாபட்டி, பொன்னமராவதி எல்லாம் புதுக்கோட்டை. கடைகண்ணிக்குக் காரைக்குடி வருவதை வைத்துச் சிவகங்கை அலுவலகத்துக்குப் போய்த் திரும்புபவர்கள் உண்டு. ரேஷன் கார்டில் எந்த மாவட்டம் என்று பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.

ஊர் வந்த முதல் மாதத்துக்குள் அந்த அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் புக் அசல், பிபிஓ, குடும்பத்தார் அனைவரின் ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், உங்களுடைய பாஸ்போர்ட் அளவுப் படங்கள், மனைவியோடு சேர்ந்து எடுத்த படம். இரண்டு செட் நகல். ஒரே நாளில் மூன்று வேலை கேளுங்கள்: முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, வேலைவாய்ப்புப் பதிவு, டெக்ஸ்கோ (தமிழக அரசின் முன்னாள் படைவீரர் கழகம்) வேலைக்கான விவரம். தனித்தனியாகப் போனால் மூன்று நாள் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. இந்தோ திபெத் எல்லைக் காவல் படை, எல்லைப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப் ஆகியவற்றில் இருந்து வருபவர்கள் 'முன்னாள் படைவீரர்' என்ற வரையறைக்குள் வருவதில்லை. இலுப்பைக்குடியில் பயிற்சி மையம் இருப்பதால் நம் மாவட்டத்தில் இந்தக் குழப்பம் அதிகம். அவர்களுக்கு உள்துறை அமைச்சகத்தின் வழியில் தனி ஏற்பாடுகள் உண்டு. சோல்ஜர் போர்டு வரிசையில் நின்று நாளைக் கழிக்க வேண்டாம்.

4. சங்கத்தில் சேருங்கள், பார்த்துச் சேருங்கள்

அரசு அலுவலகத்தில் பதிந்த அதே வாரம் உங்கள் தாலுகாவின் சங்கத்துக்குப் போங்கள். பெரும்பாலும் மாதம் ஒரு ஞாயிறு கூடுவார்கள். கையில் டிஸ்சார்ஜ் புக் நகலோடு போய், உங்கள் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர் யார் என்று கேளுங்கள். அவருக்கு உங்கள் ரெக்கார்ட் ஆபீசின் நடைமுறை தெரிந்திருக்கும்.

நல்ல சங்கம் செய்வது இவ்வளவு: மனுவை எழுதிக் கொடுக்கும், நகலில் அலுவலக முத்திரை வாங்க வைக்கும், மாவட்ட ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்துக்குத் தேதி சொல்லி அழைத்துப் போகும், கேன்டீன் கார்டு விண்ணப்பம் நிரப்பித் தரும், உறுப்பினர் இறந்தால் மறுநாளே ஒருவரை வீட்டுக்கு அனுப்பி அந்த அம்மாவின் தாள்களைப் பார்க்கும்.

சந்தாவுக்கு ரசீது தராத இடத்தில் சேராதீர்கள். 'அரியர் வாங்கித் தருகிறேன், அதில் இத்தனை விழுக்காடு கொடு' என்று கேட்பவர் யாராக இருந்தாலும், பழைய பட்டாளத்துக்காரராகவே இருந்தாலும், அவர் தரகர்தான். உங்கள் அரியர் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வருவது. அதில் யாருக்கும் பங்கு இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். வந்த புதிதில் விருந்தும் கோயிலும் வீட்டு வேலையுமாக ஓடிவிடும். மூன்றாவது, நான்காவது மாதத்தில்தான் வீடு அமைதியாகும். காலை நான்கரைக்கு விழிப்பு வரும், போவதற்கு ஃபாலின் (காலை அணிவகுப்பு) இருக்காது. பிள்ளைகள் உங்கள் குரலைக் கேட்டு அறையை விட்டு எழுந்து போவார்கள். குடி கூடும். இதைச் சங்கத்தில் மூத்தவர்களிடம் பேசுங்கள். அவர்கள் எல்லோரும் இதைக் கடந்தவர்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

5. ஸ்பர்ஷ்

முதல் ஓய்வூதியம் வந்ததும் ஸ்பர்ஷ் தளத்துக்குள் நுழைந்து, குடும்ப விவரம், கைபேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சரிபாருங்கள். யூனிட்டில் இருந்தபோது வாங்கிய வடக்கத்தி சிம்மை ஊருக்கு வந்ததும் தூக்கிப் போடுகிறவர்கள்தான் இங்கே அதிகம் மாட்டுகிறார்கள். கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும். எண்ணைத் தளத்தில் மாற்றிய பிறகே சிம்மை விடுங்கள்.

வாழ்வுச் சான்று ஆண்டுக்கு ஒருமுறை. கைபேசியில் முகம் காட்டியும் கொடுக்கலாம், பொது சேவை மையத்திலும் கொடுக்கலாம். அந்தப் பருவத்தில் 'சான்று முடியவில்லை, ஓடிபி சொல்லுங்கள்' என்று அழைப்பு வரும். எந்த அலுவலகமும் தொலைபேசியில் ஓடிபி கேட்காது.

6. மருத்துவம்

எந்தப் பாலிகிளினிக்கை (இசிஹெச்எஸ் திட்டத்தின் மருத்துவ மையம்) உங்கள் தாய் மையமாகப் போடுவது என்பதைப் பேருந்து வசதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போக வேண்டியிருக்கும். பெற்றோரின் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருந்தால்தான் அவர்களைச் சேர்க்க முடியும். மகனுக்கு 25 வயது வரை, அதற்குள் சம்பாதிக்கத் தொடங்கினாலோ திருமணம் ஆனாலோ அதுவரை. மகளுக்கு வயது வரம்பு இல்லை, வேலையோ திருமணமோ ஆகும்வரை.

வழக்கமான சிகிச்சைக்குப் பாலிகிளினிக்கின் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் மதுரையில் பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போனால் செலவு உங்களுடையது. உயிருக்கு ஆபத்து என்றால் எங்கு வேண்டுமானாலும் சேருங்கள். ஆனால் திட்டத்தில் இல்லாத மருத்துவமனை என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்கு நெஞ்சுவலி வந்தால் மனைவிக்கு இந்த 48 மணி நேரக் கணக்கு ஞாபகம் வராது. கார்டின் நகலில் பாலிகிளினிக் எண்ணை எழுதிச் சாமி அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.

7. வேலை

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 விழுக்காடு, பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணியில் 14.5 விழுக்காடு, கடைநிலைப் பணியில் 24.5 விழுக்காடு, தமிழ்நாடு காவலர் தேர்வில் 5 விழுக்காடு முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசுப் பணிகளில் உங்கள் வயதிலிருந்து படையில் இருந்த ஆண்டுகளைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது அந்த வேலையின் வயது வரம்பை மூன்று ஆண்டுக்கு மேல் தாண்டக் கூடாது. பணிக்காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். இதைத் தெரியாமல் ஒரு தேர்வுப் பருவத்தையே இழக்கிறார்கள்.

இரண்டாவது படியில் சொன்ன சான்றிதழ், பட்டம் கேட்கும் குரூப் சி பணிகளுக்கும் வங்கி எழுத்தர் தேர்வுக்கும் கைகொடுக்கும். வங்கி அதிகாரித் தேர்வுக்கு உதவாது, அதற்கு உண்மையான பட்டம் வேண்டும். அந்த எண்ணம் இருந்தால் அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பில் படையில் இருக்கும்போதே சேர்ந்துவிடுங்கள்.

பெரிய பொறி ஒன்று. மத்திய அரசுப் பணியில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். சின்ன வேலை ஒன்று முதலில் கிடைக்கிறது, நல்ல வேலையின் முடிவு இன்னும் வரவில்லை என்றால், சின்ன வேலையில் சேர்ந்த உடனேயே, 'இன்னின்ன தேதியில் இன்னின்ன பணிகளுக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறேன்' என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 2014 ஆகஸ்டில் வந்த ஆணை இதற்கு இடம் தருகிறது. எழுதிக் கொடுக்காதவர் இரண்டாவது வேலையைப் பொதுப் போட்டியில்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

உடனே சம்பளம் வேண்டும் என்பவர்களுக்கு டெக்ஸ்கோ இருக்கிறது. தமிழக அரசின் முன்னாள் படைவீரர் கழகம், 1986-இல் தொடங்கியது. பெரும்பாலும் காவல் பணி. கழகம் வழியாகப் போவது, ஏஜென்சிக்காரரிடம் முன்பணம் கொடுத்து வேலை வாங்குவதைவிட நூறு மடங்கு மேல்.

8. சொந்தத் தொழில்

தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 விழுக்காடு மூலதன மானியம், 3 விழுக்காடு வட்டி மானியம். விண்ணப்பத்தைச் சோல்ஜர் போர்டில் தொடங்குங்கள். மானியம் கிடைக்கும் என்பதற்காகத் தொழிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நம் பக்கம் அதிகம் பேர் யோசிப்பது மூன்று: பலகாரம், ஆத்தங்குடிக் கல், பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துச் சுற்றுலா விடுதி. மூன்றாவதில் கவனம். ஒரு செட்டிநாட்டு வீட்டுக்குப் பத்துப் பங்காளிகள் இருப்பார்கள், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். சாவி வைத்திருப்பவர் கையெழுத்து மட்டும் உள்ள ஒப்பந்தத்தை வங்கி ஏற்காது. எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்டு, அல்லது ஒருவருக்குப் பவர் கொடுத்து, பதிவு செய்த குத்தகை ஆவணம் கையில் வரும்வரை ஓட்டு மாற்றுவது, சுண்ணாம்பு பூசுவது எதற்கும் ஒரு ரூபாய் போடாதீர்கள். பலகாரத்தில், சீப்புச்சீடையும் மனகோலமும் சுடத் தெரிந்த ஆச்சிமார் இரண்டு பேர் உறுதியாக வருவார்களா என்று பார்த்தபின் மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்குங்கள்.

மொத்தமாக வந்த பணத்தை ஆறு மாதம் தொடாமல் வைப்பது நல்லது. நீங்கள் வந்த செய்தி சீட்டுக்காரருக்கும் மனைத் தரகருக்கும் உங்களுக்கு முன்பே போயிருக்கும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் படையினருக்குச் சலுகை உண்டு என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் 50 வயதாவது ஆகியிருக்க வேண்டும். நாற்பதில் வருபவருக்குப் பொருந்தாது.

9. பிள்ளைகளின் படிப்பு, மகள் திருமணம்

பிரதமரின் கல்வி உதவித்தொகை, தொழிற்கல்விப் பட்டப் படிப்புகளுக்கு. மகளுக்கு மாதம் 3,000, மகனுக்கு 2,500 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்பில் 60 விழுக்காடு வேண்டும். முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும், 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்றால் அதோடு போயிற்று.

ஹவில்தார் வரை ஓய்வு பெற்றவர்களுக்கு மத்திய சைனிக் போர்டின் கல்வி உதவியும் திருமண உதவியும் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் இவை இரட்டிப்பாயின. இரண்டு பிள்ளைகள் வரை கல்விக்கு ஒவ்வொருவருக்கும் மாதம் 2,000 ரூபாய், இரண்டு மகள்கள் வரை திருமணத்துக்கு ஒவ்வொருவருக்கும் 1 லட்சம். திருமணம் முடிந்த 180 நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். திருமணப் பதிவுச் சான்றிதழ் தேவைப்படும், அதனால் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதே பதிவுக்கும் நாள் பாருங்கள்.

10. அக்னிவீரர்களாக வருபவர்கள்

நான்காண்டு முடித்து வரும் தம்பிகளுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. ஓய்வூதியம், இசிஹெச்எஸ், முன்னாள் படைவீரர் தகுதி மூன்றும் இல்லை. சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி வரியில்லாமல் கிடைக்கும். கிளம்பும்போது திறன் சான்றிதழையும் கல்வி இணைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள், மத்தியக் காவல் படைகளில் இவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. சங்கத்தினர் இவர்களை 'நம்ம ஆள் இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. இருபத்துமூன்று வயதில் அவ்வளவு பணத்தோடு ஊருக்கு வரும் பையனுக்கு ஒரு மூத்தவர் பக்கத்தில் தேவை.

11. மனைவியை ஒருமுறை அழைத்துப் போங்கள்

எல்லாம் முடிந்தபின் ஒரு நாள் மனைவியைச் சோல்ஜர் போர்டுக்கும், பாலிகிளினிக்குக்கும், சங்கக் கூட்டத்துக்கும் அழைத்துப் போங்கள். எந்த மாடி, எந்த மேசை, யாரைக் கேட்பது என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். ஓய்வூதியக் கணக்கு இருவர் பெயரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும் வகையில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புக், பிபிஓ, இசிஹெச்எஸ் கார்டு, திருமணச் சான்றிதழ், பெயர்த் திருத்தம் நடந்திருந்தால் அந்தப் பார்ட் டூ ஆர்டர் நகல், எல்லாம் ஒரே கோப்பில். கோப்பின் முதல் பக்கத்தில் ஸ்பர்ஷ் எண்ணும், ரெக்கார்ட் ஆபீஸ் முகவரியும், சங்கச் செயலாளரின் கைபேசி எண்ணும் தமிழில், பெரிய எழுத்தில். கோப்பு பீரோவின் எந்தத் தட்டில் இருக்கிறது என்பது வளர்ந்த பிள்ளை ஒருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.